ஸ்கோப்பின் எலிவேஷனில் பாதிதான் உங்களுக்கு

'மொத்த எலிவேஷன் 20 மில்' என்று ரைஃபிள் ஸ்கோப்பின் விவரக் குறிப்பில் போட்டிருக்கும். எலிவேஷன் என்பது குறியை மேலும் கீழும் நகர்த்தக்கூடிய அளவு, ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ. அதை நம்பி 1000 மீட்டருக்கு இது தாராளம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். டர்ரெட்டை, அதாவது குறியை நகர்த்தும் குமிழை, அடிக்கோடியிலிருந்து மேல்கோடி வரை திருப்பினால் கிடைப்பதுதான் அந்த 20. ரைஃபிளின் மேல் ஸ்கோப்பைத் தாங்கும் ரெயில் சாய்வில்லாததாக இருந்தால் ஜீரோ (குறிவைத்த இடத்திலேயே குண்டு படும் டர்ரெட் நிலை) ஏறக்குறைய நடுவில் வந்து உட்காரும். கீழே மிஞ்சும் பாதி, தொலைதூரச் சுடுதலில் எதற்கும் உதவாது. மேலே உள்ள 10 மில்லிலும் 100 மீட்டர் ஜீரோவுக்கே ஒன்றுக்குச் சற்று மேல் செலவாகிவிடும். ஸ்கோப் குழலுக்கு 5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, குண்டும் அந்தத் தூரத்துக்குள் 8 செ.மீ. போல இறங்கிவிடுகிறது, அதனால்தான்.

.308 வின்செஸ்டர் தோட்டாவில் 175 கிரெயின் (சுமார் 11 கிராம்) குண்டு விநாடிக்கு 790 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 1000 மீட்டருக்கு ஜீரோவிலிருந்து சுமார் 13 மில் ஏற்ற வேண்டும். கையிருப்போ 9-ஐக்கூடத் தொடவில்லை.

இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் சாய்வு ரெயில். எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. 20 எம்.ஓ.ஏ. ரெயில் என்றால் 5.8 மில் சாய்வு. பின்பக்கம் உயர்ந்தும் முன்பக்கம் தாழ்ந்தும் இருக்கும். 15 செ.மீ. நீள ரெயிலில் இந்த உயர வித்தியாசம் 0.9 மி.மீ.கூட இல்லை, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மேலே கிடைக்கும் அளவு 14 மில்லைத் தாண்டிவிடும். அப்படியானால் 40 எம்.ஓ.ஏ. இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். இந்த ஸ்கோப்புக்கு அது ஆகாது. 11.6 மில் சாய்வு வந்தால் டர்ரெட் கீழ் எல்லையில் முட்டிக்கொள்ளும், 100 மீட்டர் ஜீரோவே கிடைக்காமல் போகலாம். 40-ஐ வாங்குவதென்றால் ஸ்கோப்பின் மொத்த எலிவேஷன் 25 மில்லுக்கு மேல் இருக்கட்டும். .22 எல்.ஆர். என்ற சிறிய தோட்டாவின் விஷயம் வேறு. அதன் மெதுவான குண்டு 200 மீட்டரிலேயே வெகுவாக இறங்கிவிடும், அங்கே 30, 40 எல்லாம் நியாயமான தேர்வு.

எலிவேஷனைக் கடைசி மில் வரை பயன்படுத்தும்படி திட்டமிடாமல் இருப்பதும் நல்லது. டர்ரெட்டைத் திருப்பும்போது உள்ளே நகரும் சிறு லென்ஸ் குழாய் (எரெக்டர்) வட்டமான டியூபுக்குள் இருக்கிறது. அது மேல் விளிம்பை ஒட்டும்போது பக்கவாட்டில் நகர இடம் குறைந்து, விண்டேஜ் (பக்கவாட்டுத் திருத்தம்) சுருங்கிவிடும். பார்வைத் தெளிவும் மங்கும்.

ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் ரிங்கின் உயரத்தில் பலர் ஏமாறுவது அளக்கும் முறையில். சில தயாரிப்பாளர்கள் ரெயிலிலிருந்து டியூபின் மையம் வரை அளக்கிறார்கள், சிலர் டியூபின் அடிப்பகுதி வரை. 30 மி.மீ. டியூபில் இந்த இரண்டுக்கும் 15 மி.மீ. வித்தியாசம். முன்லென்ஸ் கூடு ரைஃபிளைத் தொடாமலும், போல்ட் கைப்பிடி தட்டாமலும் இருந்தால் போதும். அதற்கு மேல் உயரத்தைத் தீர்மானிப்பது கன்னம்தான். ரைஃபிளின் கட்டையில் கன்னத்தை இயல்பாகச் சாய்த்ததும் முழுப் படமும் தெரிய வேண்டும்.

பூட்டும்போது மவுண்டை (ரிங்கும் கிளாம்பும் சேர்ந்த தாங்கியை) ரெயில் பள்ளத்தில் முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டே முறுக்குங்கள். சுடும்போது ரைஃபிள் பின்னால் பாயும், ஸ்கோப் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். மவுண்டின் குறுக்கு போல்ட் ஏற்கெனவே முன்சுவரில் ஒட்டியிருந்தால் நகர இடமில்லை. இல்லாவிட்டால் ஒவ்வொரு வெடிக்கும் மயிரிழை மயிரிழையாக நகர்ந்து ஜீரோ அலையும். ரிங் மூடித் திருகுகளுக்கு 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் வழக்கமான அளவு, ரெயில் கிளாம்புக்கு 5 முதல் 7. மவுண்ட் தயாரிப்பாளர் வேறு எண் சொன்னால் அதுவே சரி. முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ரிங்கை அதிகமாக முறுக்கினால் டியூப் நசுங்கும், தூரத்துக்கேற்பப் படத்தைச் சரிசெய்யும் பேரலாக்ஸ் குமிழ் இறுகும், டர்ரெட்டின் கிளிக்குகள் ஒரே சீராக நகராது. மூடித் திருகுகளில் த்ரெட்லாக்கர் (திருகு தளராமலிருக்கப் பூசும் பசை) போடுவதும் இதே ஆபத்துதான். ஈரமாக இருக்கும்போது அது எண்ணெய்போல வழுக்கும், அதே டார்க்கில் திருகு கூடுதலாக இறுகிவிடும்.

திருகுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, இரண்டு பக்க இடைவெளியும் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பக்கத்தை முதலில் இறுக்கினால் ஸ்கோப் உருண்டு ரெட்டிகிள் (உள்ளே தெரியும் குறிக்கோடுகள்) சாயும். 13 மில் ஏற்றிய நிலையில் 1 டிகிரி சாய்வு, 1000 மீட்டரில் குண்டை சுமார் 23 செ.மீ. பக்கவாட்டில் தள்ளிவிடும். காற்று என்று நினைத்து விண்டேஜைத் திருத்திக்கொண்டே இருப்பார்கள். ரைஃபிளை மட்டப்படுத்தி, 50 மீட்டர் தள்ளித் தூக்குக்குண்டு நூல் ஒன்றைத் தொங்கவிட்டு, ரெட்டிகிளின் நெடுங்கோட்டை அதன்மேல் பொருத்துங்கள். டர்ரெட் மூடியின்மேல் வைக்கும் ரசமட்டத்தைவிட இதை நம்பலாம்.

கடைசியாக டர்ரெட் சொல்வது உண்மைதானா என்று பார்க்க வேண்டும். உயரமான அட்டையில் தூக்குக்குண்டு வைத்து நெடுங்கோடு வரைந்து, டேப்பால் அளந்த 100 மீட்டரில் நிறுத்துங்கள். 100 கெஜம் என்பது 91.44 மீட்டர்தான், அதையும் இதையும் கலந்தால் கணக்கு 8 சதவீதத்துக்கு மேல் பிசகும். அடியில் உள்ள புள்ளியைக் குறிவைத்து ஐந்து குண்டு, 10 மில் ஏற்றி அதே புள்ளியையே குறிவைத்து இன்னும் ஐந்து, பிறகு ஜீரோவுக்குத் திரும்பி ஐந்து. இரண்டு கூட்டங்களின் மையங்களுக்கு நடுவே 100 செ.மீ. இருக்க வேண்டும். 98 வந்தால் டர்ரெட் 2 சதவீதம் குறைவாக நகர்கிறது. பாலிஸ்டிக் கணக்கில் 1.02 என்ற திருத்தத்தைப் போட்டுக்கொள்ளலாம். மேல்கூட்டம் கோட்டை விட்டு விலகினால், ரைஃபிளைச் சாய்க்காமல்தான் பிடித்தோம் என்று உறுதியான பிறகு, ரிங்கைத் தளர்த்தி ரெட்டிகிளை மறுபடி நேராக்குங்கள். மூன்றாவது கூட்டம் முதலாவதோடு சேராவிட்டால் முதலில் மவுண்ட் திருகுகளின் டார்க்கைப் பாருங்கள். அதெல்லாம் சரியாக இருந்தும் சேரவில்லையென்றால் எந்தத் திருத்த எண்ணும் உதவாது, அந்த ஸ்கோப்பை மாற்றத்தான் வேண்டும்.