ஒரு கணிதக் குறிக்கு யூனிகோடில் இடம் கேட்ட கதை

எல்லாக் கணினிகளிலும் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரே எண் தரும் தரம்தான் யூனிகோடு. அதன் குழுவிடம் மூன்று கணிதக் குறிகளுக்கு இடம் கேட்டேன், ஒன்றுதான் தேறியது. படிவம் நிரப்புவது பெரிய வேலையே இல்லை. உயிரை வாங்கியது, குறி அச்சில் புழங்குகிறது என்பதற்கான ஆதாரம்தான்.

முதலில் அடிபட்டது எதிர்மறைக் குறி, அதாவது ஒரு மூலக் குறியைக் கோடு போட்டு மறுப்பது. மூலக் குறியோடு 0338 என்ற எண்ணில் உள்ள சாய்கோட்டைச் சேர்த்தாலே அது வந்துவிடுகிறதாம். ∉ (உறுப்பல்ல என்ற குறி) மட்டும் எப்படி உள்ளே இருக்கிறது என்று கேட்டேன். அது ஆரம்ப காலத்திலேயே வந்துவிட்டது, பழையதைக் காட்டிப் புதிதைக் கேட்க முடியாது என்று ஒரே வரியில் பதில். சரி, விட்டுவிட்டேன்.

அடுத்தது ஏற்கெனவே உள்ள ஒரு குறியின் சாய்ந்த வடிவம். "இது தனிக் குறியா, அதே குறியை வேறு எழுத்துருவில் அச்சடித்ததா?" என்றார்கள். ≤, ⩽ இரண்டுக்கும் தனித்தனி எண் உண்டு. ஆனால் வெற்றுக்கணத்தைக் காட்டும் ∅ குறியைக் குறுக்குக்கோடு போட்ட பூஜ்யமாக எழுத வேண்டுமென்றால் பின்னால் வடிவத் தேர்வி என்ற, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியீட்டை ஒட்ட வேண்டும், தனி எண் கிடையாது. இங்கே வாதம் எடுபடாது. இரண்டு வடிவமும் ஒரே பக்கத்தில், வெவ்வேறு பொருளில் அச்சாகியிருக்கும் சான்று ஒன்று இருந்தால் போதும். எனக்குக் கிடைக்கவில்லை.

மிஞ்சியது உறவுக் குறி, அதாவது ≤ போல இரண்டுக்கும் இடையிலான தொடர்பைக் காட்டுவது. அதற்கும் ஒரே ஆசிரியரின் நூல்கள் போதாது என்றார்கள். வேறு ஆசிரியர்கள், வேறு பதிப்பகங்கள், அதுவும் ஓடும் உரைக்குள் வர வேண்டும். குறிப்பட்டியலில் தனியாக நிற்பது அவ்வளவாக எடுபடாது. ஒரு பதிப்பகத்திடம் பக்கப் படம் கேட்டால் ஆசிரியரைக் கேள் என்றது, ஆசிரியரோ பதிப்பகத்தைக் கை காட்டினார். கடைசியில் நூலகப் பிரதியில் அந்த நாலு வரியை மட்டும் படமெடுத்து, நூல் விவரத்தோடு பக்க எண்ணையும் போட்டு அனுப்பினேன். அதுவே போதுமானதாக இருந்தது! இதற்காகவா அத்தனை கடிதம்?

யூனிகோடின் குறி அட்டவணையில் அச்சிட எழுத்துருவும் நாம்தான் தர வேண்டும். அடுத்தவர் எழுத்துருவுக்கு அனுமதி கேட்டுக் காத்திருக்காமல் ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துரு வரையும் மென்பொருளில் நீங்களே வரைந்துவிடுங்கள், ஒரு குறிதானே.

அப்புறம் பெயர். ஒருமுறை பதிந்தால் மாற்றவே மாட்டார்கள். ℘ என்பது சின்ன p எழுத்தின் வடிவம். ஆனால் பெரிய எழுத்து என்றே அதிகாரப்பூர்வப் பெயரில் இன்றும் நிற்கிறது. திருத்தம் மாற்றுப்பெயராக மட்டுமே சேர்ந்தது. அதனால் என் குறிக்கு அதன் பயனை வைத்துப் பெயரிடாமல் வடிவத்தை வைத்தே பெயரிட்டேன். அதற்கு மட்டும் ஒருவரும் ஆட்சேபம் சொல்லவில்லை. ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் வாக்கெடுப்பு இன்னும் பாக்கி.