சுளுக்கு என்று நம்பிப் பன்னிரண்டு நாள் வீணானது

ரேஸ்கோர்ஸ் பக்கம் ஷட்டில் ஆடும்போது பந்தை எடுக்க எம்பினேன். வலது குதிகாலுக்கு மேலே யாரோ ஓங்கி உதைத்த மாதிரி, 'டப்' என்று சத்தம். கோபமாகத் திரும்பினால் பின்னால் ஆளே இல்லை. குதிகால் நாண், அதாவது கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் தடித்த நார், அறுந்த பலரும் இதையேதான் சொல்வார்களாம். எனக்கு அப்போது யார் சொன்னது?

அம்மா பேச்சைக் கேட்டு மேலூர்ப் பக்கம் சுளுக்கு எடுப்பவரிடம் போனோம். விளக்கெண்ணெய் தடவி இழுத்துவிட்டார். மறுநாள் கால் பூசணிக்காய். அப்புறம் ஓர் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு நல்லாருக்கு. பாதத்தை அசைக்கிறீங்கல்ல? அப்ப ஒண்ணுமில்ல" என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பிவிட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள், பிசியோதெரபி பார்க்கும் தெருக்காரப் பெண் ஒருத்தி, "அண்ணே, கட்டில்ல குப்புறப் படுங்க, பாதம் வெளிய தொங்கட்டும்" என்றாள். இடது கெண்டைக்கால் சதையைப் பிதுக்கினாள். பாதம் தானாகக் கீழே சாய்ந்தது. வலதைப் பிதுக்கினாள். அசைவே இல்லை. "அறுந்திருச்சுண்ணே."

அப்படியானால் பாதத்தை அசைக்க முடிந்தது எப்படி? தசை இழுக்கும், தள்ளாது. கெண்டைக்காலில் மேலே காஸ்ட்ரோக்னீமியஸ், அடியில் சோலியஸ். இரண்டும் ஒரே நாணாகிக் குதிகால் எலும்பை மேலே இழுப்பதால்தான் நாம் எக்கி நிற்கிறோம். அது அறுந்தாலும், கணுக்காலைச் சுற்றி ஓடும் மற்ற தசைகள் பாதத்தைக் கொஞ்சம் ஆட்டிக் காட்டிவிடும். உடம்பைத் தூக்க மட்டும் அவற்றுக்குத் தெம்பு கிடையாது. ஒற்றைக் காலில் எக்கச் சொல்லியிருந்தால் முதல் நாளே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

ஸ்கேன், ஆபரேஷன், மாவுக்கட்டு எதிலும் குறையில்லை. கொடுமை காப்பீட்டில். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'இடது கால்' என்று அடித்து வைத்திருந்தார்கள். கிளெயிம் திரும்பி வந்துவிட்டது. கவுன்டரில் கட்டுப்போட்ட வலது காலையே தூக்கிக் காட்டினேன். "டாக்டர் கையெழுத்துப் போடணும், அவர் லீவு, திங்கக்கிழமை வாங்க." திருமங்கலத்திலிருந்து ஊன்றுகோலோடு மூன்று நடை! டிஸ்சார்ஜ் ஆகும்போது அங்கேயே உட்கார்ந்து இடதா வலதா என்று படித்துவிடுங்கள்.

கட்டுப் பிரித்தபோது கெண்டைக்கால் வற்றிப்போய் முருங்கைக்காய் மாதிரி இருந்தது. குதிகாலை எக்கும் பயிற்சியை முழங்காலை நீட்டி ஒரு தடவை, மடக்கி ஒரு தடவை செய்யச் சொன்னார்கள். ஒன்று போதாதா என்று மடக்கிச் செய்வதை விட்டுவிட்டேன். அங்கேதான் தப்பு. காஸ்ட்ரோக்னீமியஸ் தொடை எலும்பிலிருந்து தொடங்குகிறது. முழங்காலை மடக்கினால் அது தளர்ந்துவிடும், பாரம் சோலியஸ் தலையில். அந்தப் பாதியை நான் இரண்டு வாரம் பட்டினி போட்டிருக்கிறேன். பிசியோ பெண்ணிடம் நல்ல வசவு கிடைத்தது.

ஏழாம் மாதம் வலது காலை மட்டும் ஊன்றி எக்கினேன். குதிகால் இரண்டு விரற்கடை எழும்பியது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான்.