பீப் சைட்டைத் தேர்ந்தெடுத்தலும் பொருத்துதலும்: பயிற்றுநர் தேர்வுக்குப் படித்த அனுபவம்

ரைஃபிள் பயிற்றுநர் வகுப்பின் இறுதித் தேர்வுக்குப் படிப்பவர்களில் பலர், சிறு துளை வழியாகக் குறிபார்க்க உதவும் பீப் சைட் பற்றிய பாடத்தை உதிரிபாகங்களின் பெயர்ப் பட்டியலாகவே மனப்பாடம் செய்கிறார்கள். நான் எழுதிய தேர்வில் பெயர் கேட்கும் கேள்வி அநேகமாக வரவில்லை. உயரம் குறைந்த பள்ளி மாணவி, மூக்குக்கண்ணாடி அணியும் நடுவயதுக்காரர், வலத்தோளில் துப்பாக்கியை வைத்து இடக்கண்ணால் குறிபார்ப்பவர் என்று ஆட்களைக் கொடுத்து, இவர்களுக்கு எதை எப்படிப் பொருத்துவீர்கள், ஏன் என்றே எழுத்துத் தாளும் செய்முறைத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் மாறி மாறிக் கேட்டன. ஆகவே இந்தப் பாடத்தைக் கண்ணில் தொடங்கிச் சுடுகுழலின் முனை நோக்கிப் படிக்கும்படி பரிந்துரைக்கிறேன். சுடுபவரின் கண்ணுக்கு என்ன தெரிய வேண்டும் என்பது தெளிவானால், ஐரிஸின் (பின்சைட்டின் துளையை விரிக்கவும் சுருக்கவும் உதவும் பாகம்) அளவு, முன்வளையத்தின் (முன்சைட்டிலுள்ள வளையம்) அளவு, சைட்டின் தூரம், உயரம் ஆகியவை அதிலிருந்தே முடிவாகிவிடும்.

சரியாகப் பொருத்திய பீப் சைட்டின் வழியே பார்க்கும்போது கண்ணுக்கு நான்கு வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். வெளியே பின்சைட்டின் துளை, அதற்குள் முன்சைட்டின் டன்னல் (குழல் போன்ற உறை), அதற்குள் முன்வளையம், நடுவில் இலக்கின் கரும்பொட்டு. இவற்றில் கூர்மையாகத் தெரிய வேண்டியது முன்வளையம் மட்டுமே. கரும்பொட்டு சற்று மங்கலாகத்தான் இருக்கும், இருக்கலாம். பின்சைட்டின் துளையைக் கண் பார்க்கவே கூடாது, அதன் வழியாகப் பார்க்க வேண்டும். சிறிய துளை கண்ணின் குவிய ஆழத்தைக் கூட்டுவதால்தான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவிலுள்ள வளையமும் 10 அல்லது 50 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கும் ஒரே பார்வையில் ஓரளவு தெளிவாகக் கிடைக்கின்றன. அப்படியானால் துளையை மிகவும் சிறிதாக்கிவிடலாமே என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். துளை சுருங்கச் சுருங்க ஒளி குறைவதோடு, ஒளியின் விளிம்பு வளைவினால் பிம்பத்தின் ஓரங்கள் மறுபடியும் மங்கத் தொடங்கும் என்பதே விடை. நல்ல வெளிச்சத்தில் பெரும்பாலோருக்கு 1.0 முதல் 1.2 மி.மீ வரையிலான துளை ஒத்துவருகிறது. மாணவருக்கு இந்த எண்ணைச் சொல்லிக்கொடுப்பதைக் காட்டிலும், ஐரிஸை அகலத் திறந்து வைத்து, முன்வளையத்தைப் பார்த்தபடியே மெல்ல மூடச் சொல்லி, கரும்பொட்டின் ஓரம் தெளிவடைந்த பிறகு காட்சி இருளத் தொடங்குவதற்கு முன்பே நிறுத்தச் சொல்வது பயனுள்ளது. அரங்கின் வெளிச்சம் மாறும்போது அவரே இதைத் திரும்பச் செய்துகொள்வார்.

நாற்பது வயதைக் கடந்தவருக்கு அருகில் குவிக்கும் திறன் குறைந்துவிடுவதால் முன்வளையம் மங்குகிறது. தூரப் பார்வைக்கான கண்ணாடி எண்ணுடன் +0.5 டயாப்டர் (லென்ஸின் திறனை அளக்கும் அலகு) சேர்ப்பது இதற்கு வழக்கமான தொடக்கப் புள்ளி. காரணத்தையும் சேர்த்து எழுதினால்தான் முழு மதிப்பெண் கிடைக்கும்: அந்த லென்ஸுடன் தளர்ந்த நிலையிலுள்ள கண் 2 மீட்டரில் குவிகிறது, ஒரு மீட்டரிலுள்ள வளையமும் தொலைவிலுள்ள இலக்கும் அந்தக் குவியத்திலிருந்து ஏறத்தாழச் சம அளவில் விலகி நிற்பதால், மிச்ச மங்கலைச் சிறுதுளை சரிசெய்துவிடுகிறது. துப்பாக்கியில் கன்னத்தைப் பதித்துப் பார்க்கும் கண், அன்றாடக் கண்ணாடியின் ஓரம் வழியாகவே பார்க்கிறது. அதனால்தான் லென்ஸின் மையம் பார்வைக் கோட்டில் செங்குத்தாக நிற்கும்படி திருப்பி வைக்கக்கூடிய தனிச் சட்டம் சுடுபவர்களுக்கென்று செய்யப்படுகிறது.

முன்வளையத்தின் அளவுக்குத் தேர்வில் கணக்கு நிச்சயம் வரும். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கின் கரும்பொட்டு 30.5 மி.மீ விட்டம் உடையது; 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் அது 112.4 மி.மீ. கண்ணுக்கும் முன்சைட்டுக்கும் 90 செ.மீ இடைவெளி என்று கொண்டால், முன்சைட் இருக்கும் இடத்தில் 10 மீட்டர் கரும்பொட்டு ஏறத்தாழ 2.75 மி.மீ அகலமாகத் தோன்றும்; 50 மீட்டர் கரும்பொட்டு 2 மி.மீ அளவே தோன்றும். தொலைவிலுள்ள இலக்கு பெரிதாக இருந்தும் கண்ணுக்குச் சிறிதாகத் தெரிவதால், ஏர் ரைஃபிளுக்குப் பெரிய வளையமும் 50 மீட்டருக்குச் சற்றுச் சிறிய வளையமும் தேவைப்படுகின்றன. தோன்றும் அகலத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று கணக்கிட்டால் ஏர் ரைஃபிளுக்கு 4.1 மி.மீ, 50 மீட்டருக்கு 3.0 மி.மீ என்று வரும். இது தொடக்கம்தான். நிற்கும் நிலையில் துப்பாக்கி அதிகம் அசைவதால் அங்கே இன்னும் பெரிய வளையம் உதவும். என் கருத்தில், புதிய மாணவர்களுக்கு மிகச் சிறிய வளையத்தைக் கொடுப்பதே நம் கிளப்களில் அதிகம் காணப்படும் பிழை. கரும்பொட்டுக்கும் வளையத்துக்கும் இடையிலான வெண்விளிம்பு மெல்லியதாக இருந்தால் துல்லியம் கூடும் என்று நம்பிக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்த விளிம்பு ஒவ்வொரு அசைவிலும் காணாமற்போவதால் மாணவர் ட்ரிக்கரை இழுக்கத் தயங்கி, மூச்சு தீரும்வரை பிடித்துக்கொண்டு நிற்கிறார். கரும்பொட்டைச் சுற்றித் தாராளமான வெள்ளை இருந்தாலும் கண் அதை மையப்படுத்துவதில் வல்லது.

சைட்டுகளுக்கு இடையிலான நீளம் பற்றிய கேள்வியும் கணக்கோடுதான் வரும். பின்சைட் 0.1 மி.மீ நகர்ந்தால், இரண்டு சைட்டுகளுக்கும் இடையே 750 மி.மீ இருக்கும் ஏர் ரைஃபிளில் 10 மீட்டரில் 1.33 மி.மீ விலகல் ஏற்படும். அந்த இலக்கில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மி.மீ என்பதால், அது அரைப் புள்ளிக்கு மேல். இடைவெளி 800 மி.மீ உள்ள 50 மீட்டர் ரைஃபிளில் அதே நகர்வு 6.25 மி.மீ விலகலைத் தரும். அங்கே வளைய இடைவெளி 8 மி.மீ. நீளம் கூடினால் இந்த விலகல் குறையும். எனினும் நீட்டிக்கொண்டே போக முடியாது. சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப்-இன் விதிப்படி ஏர் ரைஃபிளின் இயங்குபகுதியின் பின்முனையிலிருந்து சுடுகுழலின் வெளித்தோற்ற முனை வரை 850 மி.மீட்டரைத் தாண்டக்கூடாது; முன்சைட் அந்த முனையைக் கடந்து நீளவும் கூடாது. மேலும் முன்சைட் தள்ளிப்போகும்போது வளையமும் கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும், கரும்பொட்டோ அப்படியே இருக்கும். அதனால் வளையத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.

செய்முறைத் தேர்வில் தேர்வாளர் கவனிப்பது வரிசையை. சைட்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே நிற்கும் நிலையும், தோளில் பதியும் பட் பிளேட்டும், கன்னம் பதியும் சீக் பீஸும் அமைந்திருக்க வேண்டும். மாணவரைக் கண்களை மூடி, துப்பாக்கியை ஏற்றி, கன்னத்தை இயல்பான கனத்துடன் பதிக்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணைத் திறக்கும்போது சைட் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். துளை கீழே இருந்தால் தலையைக் குனியச் சொல்லாமல், சைட்டுக்கு அடியில் வைக்கும் உயர்த்தும் கட்டைகளால் சைட்டை உயர்த்த வேண்டும். தலை நிமிர்ந்திருந்தால் கண் நேராகப் பார்க்கிறது, கழுத்தும் நெடுநேரம் தாங்கும். அதன் பிறகே 11 மி.மீ டவ்டெயிலில் (துப்பாக்கியின் மேலே சைட்டைப் பூட்டும் தடம்) பின்சைட்டை முன்னும் பின்னும் நகர்த்தித் தூரத்தை முடிவு செய்ய வேண்டும். கண்ணிலிருந்து 5 முதல் 10 செ.மீ என்பது பொதுவான எல்லை. பின்துளைக்குள் முன்டன்னலைச் சுற்றிச் சீரான, மெல்லிய ஒளிவளையம் தெரியும் இடத்தில் நிறுத்தி, திருகுகளை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். டவ்டெயிலில் எண்ணெய்ப் பசை இருந்தால் முன்னதாகவே துடைத்துவிடுவது நல்லது.

உயர்த்தும் கட்டை பற்றி அழகான ஒரு கணக்கு உண்டு. பின்சைட்டை மட்டும் 5 மி.மீ உயர்த்தினால் 10 மீட்டரில் குண்டு ஏறத்தாழ 67 மி.மீ மேலே போய்விடும்; 45.5 மி.மீ விட்டமுள்ள இலக்கையே அது தாண்டிவிடும். ஆகவே முன், பின் இரண்டையும் ஒரே அளவு உயர்த்த வேண்டும். இரண்டையும் 20 மி.மீ உயர்த்தினால்? பார்வைக் கோடு இணையாக மேலே போவதால் குண்டு 20 மி.மீ கீழே விழும். அதைச் சரிசெய்யப் பின்சைட்டை மேலும் 1.5 மி.மீ ஏற்ற வேண்டும். 50 மீட்டரில் இதே திருத்தத்துக்கு ஏறத்தாழ 0.3 மி.மீ போதும்.

சைட் உயரமானால் துப்பாக்கி பக்கவாட்டில் சாயும்போது விலகல் பெருகும் என்று பலரும் சொல்வதை அப்படியே விடைத்தாளில் எழுதிவிட வேண்டாம். துப்பாக்கி சாய்ந்தாலும் நாம் குறியை மீண்டும் கரும்பொட்டின் மேல் வைத்துத்தான் சுடுகிறோம்; அதாவது சாய்வு பார்வைக் கோட்டையே அச்சாகக் கொண்டு நிகழ்கிறது. சீரோ செய்த (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி சைட்டைச் சரிசெய்த) தொலைவில் விலகலை நிர்ணயிப்பது குண்டு ஈர்ப்பினால் இறங்கும் அளவும் சாய்வின் கோணமும்தான், சைட்டின் உயரம் அல்ல. வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் செல்லும் பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) 10 மீட்டரில் ஏறத்தாழ 17 மி.மீ இறங்குகிறது, 5 பாகை சாய்ந்தால் பக்கவாட்டில் ஏறத்தாழ 1.5 மி.மீ விலகும். 50 மீட்டரில் பாயிண்ட் 22 குண்டின் இறக்கம் ஏறத்தாழ 12 செ.மீ என்பதால், அதே சாய்வு ஒரு வளையத்துக்கும் மேலாக, 10 மி.மீ அளவுக்கு இழுத்துவிடும். சாய்த்துப் பிடிப்பதே தவறு என்று இதற்குப் பொருளில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் சாய்த்தால் சீரோவே அந்த விலகலை ஏற்றுக்கொள்ளும். ஆனால் சாய்த்துப் பிடிப்பவருக்கு வலப்பக்கக் க்ளிக்குகள் (சைட்டின் திருகு ஒவ்வொரு படியாகத் திரும்பும் அளவு) குண்டை நேர் வலப்புறமாக நகர்த்தாமல் சற்று மேலோ கீழோ சேர்த்து நகர்த்தும் என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வளையத்தின் இருபுறமும் கிடைக்கோடு உள்ள முன்சைட் செருகுவில்லைகள் சாய்வை உடனே கண்ணுக்குக் காட்டிவிடும்.

சீரோ செய்யும் முன் பின்சைட்டின் இரு திருகுகளையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை திருப்பிக் க்ளிக்குகளை எண்ணி, பாதியில் நிறுத்தித் தொடங்க வேண்டும். பின்சைட் எந்தப் பக்கம் நகர்கிறதோ குண்டும் அந்தப் பக்கம் நகரும். முன்சைட் என்றால் எதிர்ப்பக்கம். இந்த விதி எளிது, குழப்பம் குமிழின் மேலுள்ள எழுத்துகளில்தான். ஜெர்மன் தயாரிப்புகளில் அந்த மொழியின் முதலெழுத்துகளே இருக்கும். அதோடு, அம்புக்குறி குண்டு விழுந்த பக்கத்தைக் குறிக்கிறதா, குண்டு நகரப்போகும் பக்கத்தைக் குறிக்கிறதா என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். புதிய சைட் கைக்கு வந்தால் பத்துக் க்ளிக் திருப்பிச் சுட்டுப் பார்த்துவிடுவதே உறுதியான வழி. ஒரு க்ளிக்குக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பிறகு மேலே, வலப்புறம், கீழே, இடப்புறம் என்று சம எண்ணிக்கையில் திருப்பித் தொடங்கிய இடத்துக்குக் குண்டு திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய சைட்டுகளில் திருகின் தளர்வு இருக்கும். அவற்றில் வேண்டிய இடத்தைச் சற்றுக் கடந்துபோய், எப்போதும் ஒரே திசையிலிருந்து திரும்பி வந்து நிறுத்துவது வழக்கம். சீரோ மையத்திலிருந்து மிகவும் தள்ளிப்போனால் குறையைச் சைட்டில் தேடாமல் டன்னல் கோணலாகப் பூட்டியிருக்கிறதா, பிடிப்பில் சாய்வு இருக்கிறதா என்று பாருங்கள்.

விதிகளைப் பொறுத்தவரை, நடைமுறையிலுள்ள பதிப்பை வாக்கியம் வாக்கியமாகப் படிப்பதற்கு மாற்று இல்லை. துப்பாக்கியில் பொருத்தும் சைட்டில் லென்ஸ் எதுவும் இருக்கக்கூடாது. ஆனால் பார்வைத் திருத்த லென்ஸைச் சுடுபவர் அணியலாம். நிற வடிகட்டியும் போலரைசிங் வடிகட்டியும் முன்சைட்டிலும் பின்சைட்டிலும் அனுமதிக்கப்படுகின்றன. குறிபார்க்காத கண்ணை மறைக்கும் பிளைண்டரைத் துப்பாக்கியிலோ பின்சைட்டிலோ பொருத்தினால் அதன் ஆழம் 30 மி.மீட்டருக்குள்ளும், துளையின் மையத்திலிருந்து நீளம் 100 மி.மீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். வலத்தோளிலிருந்து இடக்கண்ணால் குறிபார்ப்பவர் பெரிதாக்கும் லென்ஸ் இல்லாத ப்ரிஸத்தையோ பிரதிபலிக்கும் ஆடியையோ பயன்படுத்தலாம். அதே தோளிலிருந்து வலக்கண்ணால் பார்ப்பவருக்கு அந்த அனுமதி இல்லை.

வாங்கும்போதும் இந்த விதிகள் கையில் இருக்க வேண்டும். விலைப்பட்டியலில் சாதாரண ஐரிஸுக்கு அடுத்த வரியிலேயே 1.5 மடங்கு பெரிதாக்கும் ஐரிஸும், டயாப்டர் திருத்தம் உள்ளடங்கிய ஐரிஸும் இருக்கும். இவற்றைப் பூட்டிக்கொண்டு ஐ.எஸ்.எஸ்.எஃப் போட்டியின் கருவிச் சோதனையைக் கடக்க முடியாது. ஐரிஸின் மரை பெரும்பாலும் 9.5 மி.மீ என்பதால் ஒரு நிறுவனத்தின் ஐரிஸ் மற்றொன்றின் சைட்டில் பொருந்திவிடும். முன்டன்னல்கள் 18, 22 மி.மீ என்று இரண்டு அளவுகளில் வருவதால், வளையங்களை வாங்கும் முன் டன்னலின் அளவைப் பார்க்க வேண்டும். பணம் அளவாக இருப்பவர் துப்பாக்கியோடு வந்த பின்சைட்டையே வைத்துக்கொண்டு, நல்ல ஐரிஸ் ஒன்றையும் அளவு மாற்றக்கூடிய முன்வளையம் ஒன்றையும் வாங்குவது மேல் என்பது என் எண்ணம். நிற வடிகட்டிகள் அதற்குப் பிறகு வரலாம்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, இறுதிச் சுற்றுக்கு முன் சுட்ட சைட்டர் (புள்ளிக்குச் சேராத சோதனை) குண்டு மையத்தை விட்டு வெகுவாக விலகி விழுந்ததையும், தன் சைட்டின் அமைப்பு மாறியிருந்ததையும் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அமைப்பு எங்கே இருந்தது என்று தெரிந்தவரால்தான் அந்நேரத்தில் அதைத் திருத்த முடியும். ஆகவே சைட் பொருத்தி முடிந்ததும் டவ்டெயிலில் பின்சைட் நிற்கும் இடத்தை மெல்லிய கோட்டால் அடையாளமிட்டு, இரு திருகுகளின் க்ளிக் எண்ணிக்கை, ஐரிஸ் அளவு, வளைய அளவு, கட்டையின் உயரம், அன்றைய வெளிச்சம், பெல்லட்டின் வகை ஆகியவற்றை மாணவரின் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். என் செய்முறைத் தேர்வில் சைட்டைப் பொருத்தி முடித்தவுடன் தேர்வாளர் அதைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, குறிப்பேட்டை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடியும் அதே சீரோவுக்குக் கொண்டுவரச் சொன்னார்.