பரீட்சை அன்றைக்கு மட்டும் வருகிற ஸ்கிரைப்

பார்வையில்லாத ஒரு மாணவிக்கு முதல் தடவை ஸ்கிரைபாக, அதாவது அவள் சொல்லச் சொல்ல விடையை எழுதித் தரும் ஆளாகப் போன அன்று கணக்குப் பரீட்சையில் நன்றாக மாட்டிக்கொண்டேன். "ஒன்று பை எக்ஸ் கூட்டல் இரண்டு" என்றாள். எக்ஸ் மட்டும் கீழேயா, இல்லை எக்ஸ் கூட்டல் இரண்டு மொத்தமும் கீழேயா? நான் கேட்க, கண்காணிப்பாளர் "பேசக்கூடாது" என்று அதட்ட, அவள் மறுபடி சொல்ல, நான் அடித்துத் திருத்த, கூடுதலாகக் கிடைத்த நேரத்தில் பாதி இதிலேயே போய்விட்டது. அவளுக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அதற்கு முன் நாங்கள் இருவரும் பத்து நிமிடம்கூடச் சேர்ந்து உட்கார்ந்ததில்லை.

சொல்லி எழுதவைப்பது தனி வித்தை. எழுதுகிறவர் எங்கே விட்டோம் என்று மேலே ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம், சொல்கிறவர் அத்தனையையும் மனதிலேயே வைத்திருக்க வேண்டும். வருடம் முழுக்க வகுப்புத் தேர்வுகளில் பழக்காமல் கடைசிப் பரீட்சையில் மட்டும் ஓர் ஆளைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்காரவைத்தால் எப்படி வரும்?

கூடுதல் நேரமும் அப்படித்தான். பிரெயிலை வாசிக்க அச்செழுத்தைவிட நேரமாகும், டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிரமம் இருந்தால் ஒரே வரியை மூன்று முறை படிக்க வேண்டிவரும், அவர்களுக்கு நேரம் தேவை, சரி. ஆனால் 3 மணி நேரப் பரீட்சைக்கு 50 சதவீதம் கூட்டினால் நாலரை மணி நேரம்! முதுகுவலியால் உட்கார முடியாத பிள்ளைக்கும் அதையே கொடுப்பது வெறும் சோம்பேறித்தனம். அந்தப் பிள்ளை கேட்பது கடிகாரத்தை நிறுத்திவைத்துத் தரும் இடைவேளை. (மற்ற பிள்ளைகளுக்கு அநியாயம் இல்லையா என்பவர்களுக்கு: தட்டச்சுப் பரீட்சை என்றால் யோசிக்கலாம், வரலாற்றுப் பரீட்சையில் வேகத்துக்கா மார்க்?)

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஐ.நா. 2006இல் ஏற்ற உடன்படிக்கையில் 24ஆம் பிரிவு கல்வியைப் பற்றியது. ஒவ்வொருவரின் தேவைக்கேற்ப நியாயமான மாற்றங்கள் செய்து தர வேண்டும் என்கிறது அது. நாம்தான் அதைச் 'சலுகை' ஆக்கிவிட்டோம், ஏதோ போனால் போகிறது என்று கொடுப்பதுபோல.

அடுத்த பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பே சேர்ந்து பழக ஆரம்பித்தோம். "கீழே திற", "கீழே மூடு" என்று எங்களுக்குள் ஒரு பாஷை உண்டானது. அந்தத் தடவை கால் மணி நேரம் மிச்சம். எழுதியதையெல்லாம் படித்துக் காட்டச் சொன்னாள், இரண்டு இடத்தில் கூட்டல் கழித்தலாகியிருந்தது. இரண்டும் என் தப்பு.