0.1 சென்ட்டை 0.1 டாலர் என்று படித்தவன் 2 டாலர் எடுத்த கதை

விளம்பரத்தைக் கிளிக் செய்தால் காசு தருகிறோம் என்று சொல்லும் தளம் ஒன்றில் சேர்ந்து, கடைசியில் 2 டாலர் எடுக்க நாலரை மாதம் ஆனது. ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன், பேசிய காசைக் கொடுத்தார்கள். எவ்வளவு பேசினார்கள் என்பதை நான்தான் தப்பாகப் படித்திருந்தேன், அதுவும் சரியாக நூறு மடங்கு தப்பாக.

முதல் நாள் விளம்பரப் பட்டியலில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் 0.1 என்று போட்டு, அதையொட்டிக் குறுக்குக் கோடு விழுந்த குட்டி 'சி' மாதிரி ஒரு குறி இருந்தது. அது சென்ட் குறி. எனக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் கண் எண்ணை மட்டும்தான் பார்த்தது. மனசு உடனே கணக்குப் போட்டுவிட்டது: 0.1 டாலர், ஒரு நாளைக்கு 20 விளம்பரம், ஆக 2 டாலர், மாதம் 60 டாலர். கிளிக் செய்து பத்து விநாடி டைமர் ஓடும்வரை காத்திருந்து, தலைகீழாக நிற்கும் படத்தைத் தேர்ந்தெடுக்கும் கேப்ட்சாவையும் தாண்டினால் போதும். இதைவிட சுலபமான வேலை உண்டா?

20-ம் முடித்துவிட்டு பேலன்ஸைப் பார்த்தால் 0.020 என்று நிற்கிறது. சரி, மிச்சம் அப்புறம் ஏறும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாளும் அதே கதை. ஒரு வாரம் கழித்து 0.126. (எல்லா நாளும் 20 விளம்பரம் வராது என்பது அதற்குள் தெரிந்திருந்தது.) கோபத்தோடு சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டேன், என் கணக்கில் 12 டாலருக்கு மேல் இருக்க வேண்டும், எங்கே போனது என்று. மூன்று நாள் கழித்து வந்த பதில் இவ்வளவுதான்: விலை சென்ட்டில் இருக்கிறது, பேலன்ஸ் டாலரில் இருக்கிறது, இரண்டும் சரி.

அப்போதுதான் பேப்பரை எடுத்து எழுதிப் பார்த்தேன். ஒரு டாலரில் 100 சென்ட். 0.1 சென்ட் என்றால் ஒரு சென்ட்டில் பத்தில் ஒன்று, அதாவது 0.001 டாலர். ஒரு டாலர் பார்க்க ஆயிரம் கிளிக். நான் 60 டாலர் என்று கோட்டை கட்டிய மாதத்துக்கு உண்மையில் 60 சென்ட். ஒரே தொகையை ஒரு பக்கத்தில் 0.1 என்றும் இன்னொரு பக்கத்தில் 0.001 என்றும் போட்டால் யாருக்குத்தான் குழம்பாது? குழப்பட்டும் என்றே அப்படி வைத்திருக்கிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு.

இந்தப் பொடிக் காசுக்கு ஒரு பெயரே இருப்பது பிறகுதான் தெரிந்தது. டாலரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு 'மில்' என்று பெயர். 1792-ல் அமெரிக்க நாணயச் சட்டத்திலேயே கணக்கு அலகாக வந்துவிட்டது, ஆனால் அந்த மதிப்புக்கு அந்நாட்டு நாணயச்சாலை காசு அடித்ததில்லை. நம் பழைய பின்னக் கணக்கில் முந்திரி என்பது 320-ல் ஒன்று. என்னுடைய ஒரு கிளிக் அதில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது!

ஏன் இவ்வளவு குறைவு என்பது விளம்பரம் கொடுப்பவர்களுக்கான பக்கத்தைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. அங்கே எல்லாம் ஆயிரக் கணக்கில் விற்கிறார்கள், ஆயிரம் கிளிக்குக்கு 2 டாலரும் சில்லறையும். அதில் 1 டாலரை ஆயிரம் துண்டாக்கி எங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். விளம்பரம் கொடுத்தவருக்கும் தெரியும், பார்ப்பவன் டைமரைத்தான் பார்க்கிறான், பொருளை இல்லை என்று. அப்புறம் எப்படி அதிகம் கொடுப்பார்?

அதோடு விட்டிருக்கலாம். வீம்பு விடவில்லை. குறைந்தபட்சம் 2 டாலர் சேர்ந்தால்தான் எடுக்க முடியும், சரி எடுத்துத்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். பக்கம் திறப்பது, கேப்ட்சா எல்லாம் சேர்த்து ஒரு கிளிக்குக்கு 20 விநாடி என்று வைத்தால் 2000 கிளிக்குக்கு 11 மணி நேரத்துக்குச் சற்று மேல். மணிக்கு 18 சென்ட். தெரிந்தேதான் செய்தேன்.

நடுவில் ரெஃபரல் வாடகை ஆசை வந்தது. அதே தளத்தில் கிளிக் செய்யும் முன்பின் தெரியாத ஒருவரை 30 நாளைக்கு 0.20 டாலருக்கு வாடகைக்கு எடுக்கலாம், அவர் ஒவ்வொரு முறை கிளிக் செய்யும்போதும் எனக்கு 0.0005 டாலர் வரும். போட்ட முதல் திரும்பவே அவர் 400 கிளிக் செய்ய வேண்டும், நாளைக்குப் பதிமூன்று, பதினான்கு. இந்தக் கணக்கை வாடகைக்கு எடுப்பதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டும், நான் பின்னால் போட்டேன். என் ஆள் நாளைக்கு நாலு கிளிக்கைத் தாண்டவில்லை. மாத முடிவில் வந்தது 0.06, நஷ்டம் 0.14. இதிலும் ஒரு வேடிக்கை: பேலன்ஸ் மூன்று தசம இடம்தான் காட்டும், அதனால் அவர் முதல் கிளிக் செய்தால் எண் அசையாது, இரண்டாவது செய்தால்தான் கடைசி இலக்கம் ஒன்று ஏறும். நான் அதை மோசடி என்று நினைத்து இன்னொரு டிக்கெட் போட்டேன். அதற்குப் பதிலே வரவில்லை, நியாயம்தான்.

காசு போட்டு இன்னும் பெரிதாக விளையாடும் வகையும் இந்த உலகத்தில் உண்டு. டிராஃபிக் மான்சூன் என்ற நிறுவனம் 50 டாலருக்கு ஒரு விளம்பரப் பொட்டலம் வாங்கினால் 55 டாலர் வரை திரும்ப வரும் என்று விற்றது, 2016-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் அதைப் பான்சி திட்டம் (புதிதாகச் சேருகிறவர்கள் காசை எடுத்துப் பழையவர்களுக்கு லாபம் என்று கொடுக்கும் மோசடி) என்று சொல்லி நீதிமன்றத்துக்குப் போனது. அதைப் படித்த பிறகு என் 0.14 நஷ்டம் கொஞ்சம் கௌரவமாகத் தெரிந்தது. வாடகை விளையாட்டை அன்றோடு நிறுத்தினேன்.

உண்மையில் நெஞ்சு படபடத்தது கடைசியில்தான். பேலன்ஸ் 2.004 ஆனதும் பணம் எடுக்கும் பக்கத்துக்குப் போனேன். குறைந்தபட்சத் தொகை என்று போட்டு 2,000 என்று எழுதியிருந்தது. இரண்டாயிரம் டாலரா! நாலரை மாத உழைப்பு, இன்னும் 1998 டாலர் பாக்கியா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிஷம் கழித்துத்தான் கீழே என் பேலன்ஸும் 2,004 என்று இருப்பதைக் கவனித்தேன். ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ் எழுதுகிறவர்களில் பலர் தசமப் புள்ளிக்குப் பதில் கமா போடுவார்கள், அந்த ஒரு பக்கம் மட்டும் அந்த முறையில் இருந்தது. ஒரே தளத்தில் சென்ட், டாலர், புள்ளி, கமா என்று நாலு விதமா?

பொத்தானை அழுத்தினேன். இரண்டு நாளில் வந்துவிட்டது, கட்டணம் 0.14 போக 1.86. நான் வாடகையில் விட்ட அதே 0.14, என்ன பொருத்தமோ. கணக்கில் 0.004 மிச்சம் நின்றது. அடுத்த முறை எடுக்கக் குறைந்தபட்சம் 3 டாலர் என்று ஒரு அறிவிப்பு, 30 நாள் உள்ளே வராவிட்டால் கணக்கு மூடப்படும் என்று கூடவே இன்னொன்று. மூடட்டும் என்று விட்டுவிட்டேன். இந்தக் கதையைக் கேட்ட நண்பன் இன்னும் எவ்வளவு அதில் கிடக்கிறது என்று கேட்டான். 0.4 என்றேன். நாற்பது சென்ட்டா, அதை ஏன் விடுகிறாய் என்கிறான்.