இரும்படிக்கிற இடத்தில் என் மச்சினன்

என் மச்சினன் எதை வாங்கினாலும் அதன் பெட்டியைத் தூக்கிப் போடமாட்டான். அரிவாள் வாங்கினபோதும் அப்படித்தான். உறை, கையேடு, வாரன்டி அட்டை என்று சகல மரியாதையோடும் வந்திறங்கிய அரிவாள் அது. பளபளப்பில் முகம் பார்த்துத் தலை சீவலாம். தோட்டத்தில் காய்ந்து நின்ற ஒரு கிளையில் அதை இறக்கினான். கிளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அரிவாளின் வாய்தான் மடங்கிப் போச்சு.

சத்தம் கேட்டு என் மாமியார் வெளியே வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய், பிடியில் துணி சுற்றின தன் பழைய கறுப்பு அரிவாளை எடுத்துவந்து, மளமளவென்று கிளையைச் சாய்த்துப் போட்டார்.

"குடும்மா, நான் முடிச்சிடறேன்" என்று மச்சினன் அதை வாங்கிப் போட்டான் பாருங்கள், அரிவாள் கிளையை விட்டு வழுக்கி மண்ணைக் கொத்தியது. மறுபடி போட்டான், மறுபடி மண். கிளையை வெட்டுகிறானா, செடிக்குக் குழி தோண்டுகிறானா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

விஷயம் என்னவென்றால், மாமியாருக்கு இடது கைப் பழக்கம். அவருடைய அரிவாளுக்கு வாயின் ஒரு பக்கம்தான் சரிவு, மறுபக்கம் தட்டை. இப்படி ஒருபக்கச் சரிவு வைத்த வாய், வெட்டும்போது தட்டையான பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். வலது கைக்காரருக்கு வைக்கும் சரிவை அவருக்காக மாற்றி வைத்து அடித்துக் கொடுத்தவர் கொல்லுப் பட்டறைப் பெரியவர். பெற்ற பிள்ளையாக இருந்தாலும் வலது கைக்காரனுக்கு அது மசியாது.

ஆனால் அந்த அரிவாளும் சாணை பிடித்துப் பிடித்து அகலத்தில் பாதியாகத் தேய்ந்திருந்தது. புதுசு அடித்து வாங்கிவிடலாம் என்று மூன்று பேரும் பட்டறைக்குக் கிளம்பினோம்.

உள்ளே ஒரே இருட்டு. மச்சினன் சட்டென்று செல்போன் டார்ச்சைப் போட்டான்.

"அதை அணைங்க தம்பி! இரும்போட நிறம் தெரியலை!" என்று உலைப் பக்கமிருந்து ஒரு அதட்டல்.

கொல்லுப் பட்டறைகள் மங்கலாக இருப்பது கரன்ட் பில்லுக்குப் பயந்து அல்ல. பழுத்த இரும்பின் நிறம்தான் அங்கே வெப்பமானி. மங்கிய சிவப்பு என்றால் 700 டிகிரிக்குப் பக்கம். ஆரஞ்சு வந்தால் 1000ஐ நெருங்கிவிட்டது, அடிக்கலாம். அதையும் தாண்டி வெளுத்துப் பொறி பறக்க ஆரம்பித்தால் இரும்பு எரிகிறது என்று அர்த்தம். அப்புறம் அது எதற்கும் உதவாது. வெயிலிலோ டார்ச் வெளிச்சத்திலோ இந்த வித்தியாசமெல்லாம் கண்ணுக்குப் பிடிபடாது.

டார்ச்சை அணைத்துவிட்டு மச்சினன் பையிலிருந்து வேறொன்றை எடுத்தான். நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்க்கிற கருவி. அதை உலைக்கு நேரே நீட்டினான். அது மனுஷ உடம்புக்குச் செய்தது. பாவம், சிவப்பு விளக்கைப் போட்டு 'ஹை' என்று அலறியது.

பெரியவர் எட்டிப் பார்த்தார். "காய்ச்சல்தான் தம்பி. காய்ச்சாம எப்படி அடிக்கிறது?"

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அடுத்து, மடங்கிப்போன அரிவாளின் பஞ்சாயத்து. பெரியவர் அதைச் சாணைச் சக்கரத்தில் லேசாகத் தொட்டார். பொறிகள் நீளநீளமாக, கோடு இழுத்ததுபோல் போயின. பிறகு ஒரு லாரி பட்டைத் துண்டை, அதாவது லாரிக்கு அடியில் வில்லாக இருக்கும் பட்டையில் ஒரு துண்டை, வைத்தார். பொறி ஒவ்வொன்றும் நுனியில் பூவாக வெடித்தது. அந்த வெடிப்புதான் கார்பனின் அடையாளம். லாரி பட்டை மாதிரியான வில் உருக்கில் சுமார் 0.6 சதவீதம் கார்பன் இருக்கும். சாதா இரும்பில் அதில் பாதிகூடக் கிடையாது. கார்பன் போதாத இரும்பைக் காய்ச்சித் தோய்த்தாலும் கெட்டிப்படாது. "இதுல பிடிக்குப் பூண் வெட்டிக்கலாம்" என்று பெரியவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மச்சினன் வாரன்டி அட்டையை எடுத்துப் படித்தான். பூண் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

"நானும் பிசிக்ஸ் படிச்சவன்தான் மாமா" என்று என்னிடம் முணுமுணுத்தான். மின்சாரத்தில் அத்தனை கண்டுபிடித்த ஃபாரடேயின் அப்பாவே கொல்லர்தான். ஃபாரடேயும் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து, இந்திய உருக்கின் சூட்சுமத்தைப் பிடிக்க முயன்று, 1820இல் உருக்குக் கலவைகள் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இதையெல்லாம் அவனிடம் சொல்லியிருக்கலாம்தான். அதற்குள் அவன் சம்மட்டியைத் தூக்கிவிட்டான்.

இதில் ஒரு நடைமுறை இருக்கிறது. பெரியவர் கையில் சின்னச் சுத்தியல், சம்மட்டி இன்னொருவர் கையில். சின்னச் சுத்தியல் தட்டின இடத்திலேயே சம்மட்டி விழவேண்டும். மெல்லத் தட்டினால் மெல்ல, ஓங்கித் தட்டினால் ஓங்கி. சின்னச் சுத்தியல் இரும்பை விட்டு, அதை அடியில் தாங்குகிற பட்டடையில் டிங்கென்று தட்டினால் நிறுத்து என்று பொருள். இது மச்சினனுக்குத் தெரியாது. அவருக்கும், தெரியாத ஆள் சம்மட்டி தூக்குவான் என்று தெரியாது.

டிங். மச்சினன் ஓங்கிப் போட்டான். டிங் டிங். உற்சாகப்படுத்துகிறார் போலிருக்கிறது என்று இன்னும் பலமாகப் போட்டான். கடைசியில் பெரியவர் குறட்டோடு இரும்பையே இழுத்துக்கொள்ள, சம்மட்டி வெறும் பட்டடையில் விழுந்து எகிறியது. இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்பார்களே, ஈயாவது சத்தம் கேட்டால் பறந்துவிடும்.

கையால் அடித்ததெல்லாம் தெய்வீகம் என்று உருகுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அடிக்க அடிக்க இரும்பு இறுகி வலுவாகும் என்பார்கள். ஆதிகாலத்தில் உலையிலிருந்து கசடோடு வந்த இரும்பை அடித்துத்தான் கசடை வெளியேற்ற வேண்டியிருந்தது. இன்றைக்கு ஆலையிலிருந்து வரும் உருக்குக்கு அந்தத் தேவை இல்லை. சுத்தியல் கொடுப்பது வடிவம், குணத்தைக் கொடுப்பது நெருப்பு. நல்ல தொழிற்சாலையும் அதைச் செய்யும். இடது கையா வலது கையா என்று மட்டும் கேட்காது.

பெரியவர் கேட்டார். எதை வெட்டுவீங்க, நின்னுக்கிட்டா உட்கார்ந்தா என்று மாமியாரிடம் விசாரித்தார். பழைய அரிவாளைக் கையில் எடைபோட்டுப் பார்த்து, அதன் வளைவைத் தரையில் கரியால் வரைந்துகொண்டுதான் உலைப் பக்கமே திரும்பினார்.

அடித்து முடித்ததும் துவைச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்துக் கெட்டிப்படுத்துகிற வேலை. உலைக்குப் பக்கத்தில் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று கம்பியில் தொங்கியது, தொழில் பழகுகிறவர்களுக்காக. பழுத்த அரிவாளை அதன் அருகே கொண்டுபோனார். ஒட்டவில்லை. 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை மறந்துவிடும். மச்சினனுக்கு இது பாடத்தில் வந்ததுதான், ஆனாலும் வாயைப் பிளந்தான். இன்னும் கொஞ்சம் நெருப்பில் காட்டிவிட்டு அரிவாளின் வாயை எண்ணெயில் இறக்கினார். குபுக்கென்று புகை.

இந்த நிலையில் கீழே விழுந்தால் கண்ணாடியாய் உடையும் என்றார். அந்த முறுக்கைக் கொஞ்சம் தளர்த்த, வாய்ப்பக்கம் கல்லால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, முதுகுப் பக்கம் இளஞ்சூடு காட்டினார். தேய்த்த இடத்தில் நிறம் ஊர்ந்து வந்தது. முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, பின்னாலேயே ஊதா. இரும்பின் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் வேலை அது. மஞ்சள் 220 டிகிரி வாக்கில் வரும், ஊதாவுக்கு 280 ஆகும். ஊதா வாயைத் தொட்ட நொடியில் தண்ணீரில் அமுக்கிவிட்டார்.

"வீடியோ ஆன் ஆகலை, இன்னொரு தடவை காட்டுங்களேன்" என்றான் மச்சினன்.

பெரியவர் அவனைப் பார்த்த பார்வைக்கு எந்தக் கருவியாக இருந்தாலும் 'ஹை' என்றுதான் காட்டியிருக்கும்.

பிடி மாட்டி, பூண் இறுக்கி, மாமியார் கையில் கொடுத்தார். மாமியார் இடது கையில் வாங்கி, காற்றில் வீசிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"மூக்கு கனக்குது."

"உருக்கு நல்லாயிருக்கேன்னு விட்டேன்மா."

"எனக்கு நல்லாயில்லையே."

சாணையில் மூக்கைக் குறைத்துக் கொடுத்தார். மறுபடி வீச்சு. இப்போது பிடி தடிமனாம். அவர் ஒன்றும் சொல்லாமல் அரத்தை எடுத்தார். ராவின இடத்தை விரலால் தடவிப் பார்த்த மாமியார், வளைவும் கொஞ்சம் கூடத்தான் இருக்கிறது, திரும்பக் காய்ச்சித்தான் ஆகணும் என்றார்.

"அப்போ துவைச்சலும் முதல்லேர்ந்து வைக்கணும்மா" என்றார் பெரியவர்.

"வைங்க. இவனுக்கும் வீடியோ வேணுமாம்" என்று சொல்லிவிட்டு மாமியார் மகன் பக்கம் திரும்பினார். "செல்லை உள்ளே வச்சிட்டு அந்தத் துருத்தியை ஊதுடா."