மூன்றாம் ரேங்க்தான், ஆனால் எத்தனை பேரில்?

பல்கலைக்கழக அளவில் ரேங்க் வாங்கிவிட்டு, மேற்படிப்புக்கு ஜெர்மனி போகலாம் என்றிருக்கும் பொறியியல், அறிவியல் மாணவர்களுக்காக எழுதுகிறேன். ஏ.பி.எஸ். (நம் பட்டச் சான்றிதழ்களைச் சரிபார்த்து ஜெர்மனி தரப்பில் தரும் சான்று) என்றால் என்ன, எந்தப் படிப்புக்கு எப்போது விண்ணப்பம் திறக்கும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்லப்போவது நம் ஊர் ஆபீசில் காகிதம் வாங்கிய கதை. வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை, அதனால் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

நான் படித்தது இ.இ.இ., அதாவது மின்சார, மின்னணுப் பொறியியல். இணைப்புக் கல்லூரிகள் எல்லாவற்றையும் சேர்த்து என் பிரிவில் மூன்றாம் ரேங்க். பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம், ஜூனியர்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். ரேங்க் சர்டிஃபிகேட் பார்க்க அழகாக இருக்கும். கெட்டித் தாள், தங்க நிற பார்டர், கையெழுத்து, சீல் எல்லாம் உண்டு. எத்தனை பேரில் மூன்றாவது என்பது மட்டும் அதில் கிடையாது. உதவித்தொகைப் படிவம் கேட்டதோ அதைத்தான்: உங்கள் பேட்சில் முதல் எத்தனை சதவீதத்துக்குள் வருகிறீர்கள், ஆதாரம் இணைக்கவும். நாற்பது பேரில் மூன்றாவது வந்தாலும் மூன்றுதான், சில ஆயிரம் பேரில் வந்தாலும் மூன்றுதான். எங்கேயோ உட்கார்ந்து படிக்கிறவருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?

தேர்வுப் பிரிவு ஜன்னலில் கேட்டேன். உள்ளே இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ரேங்க் குடுத்தாச்சுல்ல? அதுக்கு மேல என்னம்மா வேணும்?"

"மொத்தம் எத்தனை பேர் பாஸ் பண்ணாங்கன்னு ஒரு வரி வேணும் சார்."

"அப்படி ஒரு ஃபார்மட்டே கிடையாது. வேணும்னா பிரின்சிபல் மூலமா லெட்டர் வரட்டும்."

கல்லூரியில் போய் நின்றால், "ரேங்க் போட்டது யூனிவர்சிட்டி, நாங்க எப்படிக் கேக்குறது?" என்றார்கள். ஒருவழியாகக் கெஞ்சி லெட்டர் வாங்கிக்கொண்டு திரும்பினால், அதை வாங்க வேண்டிய சூப்பிரண்டெண்ட் லீவு. அவர் வந்த பிறகு அந்த லெட்டர் வேறு செக்‌ஷனுக்குப் போனதாகச் சொன்னார்கள். இன்றுவரை அதற்குப் பதில் வரவில்லை.

என்னைக் காப்பாற்றியது பட்டமளிப்பு விழாவில் அச்சடித்துக் கொடுக்கும் புத்தகம். யாரும் அதைப் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் எங்கள் புத்தகத்தில் ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் பட்டம் பெறுகிறார்கள் என்ற அட்டவணையும், பின்னால் ரேங்க் பட்டியலும் இருந்தன. கல்லூரி நூலகரம்மா பழைய கட்டுக்குள்ளிருந்து ஒரு பிரதியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். இரண்டு பக்கத்தையும் நகலெடுத்து, முதல்வரிடம் அட்டெஸ்ட் வாங்கி இணைத்தேன். ஏற்றுக்கொண்டார்கள்! உங்கள் விழாவில் அந்தப் புத்தகம் கைக்கு வந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

அடுத்தது ட்ரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லாப் பருவத்து மதிப்பெண்களும் ஒன்றாக உள்ள பல்கலைக்கழகச் சான்று. முன்பக்கம் சரி, பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். கிரேடு விளக்கம் அங்கேதான் இருக்கும். ஜெர்மனியில் 1.0தான் உச்சம், 4.0 என்றால் தட்டுத்தடுமாறிப் பாஸ். நம் சி.ஜி.பி.ஏ.வை (பத்துக்கு எவ்வளவு என்ற மொத்தச் சராசரியை) அதற்கு மாற்ற பவேரியன் ஃபார்முலா என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதிகபட்ச மதிப்பிலிருந்து நம் மதிப்பைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் பாஸ் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். எங்கள் ரெகுலேஷனில் (நாங்கள் படித்த பாடத்திட்ட விதிகளில்) பாஸ் 5. அதன்படி என் 9.4க்கு 1.36 வர வேண்டும். எனக்கு வந்த ட்ரான்ஸ்கிரிப்டின் பின்பக்கத்தில் பழைய ரெகுலேஷன் அட்டவணை, அதில் பாஸ் 6. அதைப் போட்டால் 1.45. படித்த படிப்பு அதேதான், வாங்கிய மார்க்கும் அதேதான், பின்பக்கம் அச்சான ஒரு எண்ணால் மதிப்பெண் இறங்குகிறது. புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை வைத்தே ஆளைக் கழிக்கும் இடங்கள் இருப்பதால் விடவும் முடியாது.

"ஸ்டாக்ல இருந்த பேப்பர்ல அடிச்சிருப்பாங்க, கன்டென்ட் எல்லாம் ஒண்ணுதானே?" என்றார் அதே ஜன்னல்காரர். ஒன்று இல்லை என்று ஃபார்முலாவைத் தாளில் போட்டுக் காட்டியும் அவர் அசையவில்லை. மாடியில் இருந்த உதவிப் பதிவாளரம்மா மட்டும் கணக்கைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, அன்று மாலையே புதிதாக அடித்துக் கவரில் சீல் வைத்துக் கொடுக்கச் சொன்னார். அவருக்குக் கோடிப் புண்ணியம்.

பெயர் விவகாரம் நம் எல்லோருக்கும் உள்ளதுதான். மார்க் ஷீட்டில் பெயரும் ஒற்றை இனிஷியலும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக சர்நேம் இடத்தில். இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஸ்டாம்ப் பேப்பரில் அஃபிடவிட் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி, எல்லா விண்ணப்பத்தோடும் சேர்த்தே அனுப்பினேன். யாரும் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். ஏ.பி.எஸ். 18,000 ரூபாய், பிரச்சினை இல்லாமல் பி.டி.எஃப். ஆக வந்துவிட்டது. பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்டுக்கு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்தவற்றுக்குத் தலா 30. அதிலும் சொல்ல ஒன்றுமில்லை.

பரிந்துரைக் கடிதத்தில்தான் மறுபடி மாட்டினேன். ஒரு விண்ணப்பத் தளம் பேராசிரியரின் ஜிமெயில் முகவரியை ஏற்கவே இல்லை, கல்லூரி முகவரிதான் வேண்டுமாம். என் புராஜெக்ட் கைடுக்குக் கல்லூரி மெயில் இருந்தது, ஆனால் உருவாக்கிய நாளிலிருந்து அவர் திறந்ததே இல்லை. பாஸ்வேர்டை மாற்றித் தரக்கூடிய ஒரே ஆள் சிஸ்டம் அட்மின், அவரோ அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். கடைசி நாள் ராத்திரி மண்டபத்திலிருந்தே போனில் ரீசெட் செய்து கொடுத்தார், பின்னணியில் நாதஸ்வரம். பரிந்துரை கேட்கப் போகும்போதே "சார், உங்க காலேஜ் மெயில் ஓப்பன் ஆகுதா?" என்று கேட்டு, உங்கள் கண்முன்னால் ஒருமுறை திறக்கச் சொல்லுங்கள்.

சாதனைப் பட்டியல் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். ஆன்லைன் படிப்பில் 90க்கு மேல் எடுத்து வாங்கிய எலைட் கோல்டு சர்டிஃபிகேட்டில் க்யூ.ஆர். இருக்கிறது, யார் வேண்டுமானாலும் அங்கேயே சரிபார்த்துக்கொள்ளலாம். கோடை ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் போனவர்கள் அந்த அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். மற்றபடி பேப்பர் பிரசன்டேஷன் பரிசு, சிம்போசியம் கோப்பை எல்லாம் ஒரு வரிக்கு மேல் தாங்காது. "உலகத்துக்கு உபயோகமா இருக்கணும்னு எழுதாத, எந்தக் கேள்விக்கு விடை தேடுறேன்னு எழுது" என்றார் ஜெர்மனியில் முனைவர் பட்டம் செய்யும் ஒரு சீனியர் அண்ணன்.

எனக்கு அந்தக் கேள்வி புராஜெக்டிலேயே கிடைத்தது. கேலியம் நைட்ரைடு என்ற குறைகடத்தியால் ஆன ஸ்விட்ச் வைத்து, மின்சாரத்தை வேண்டிய அளவுக்கு மாற்றும் ஒரு கன்வெர்ட்டர் செய்தோம். சிலிக்கானின் பேண்ட் கேப் (எலக்ட்ரான் கட்டுவிட்டு ஓடத் தேவையான ஆற்றல்) 1.1 எலக்ட்ரான் வோல்ட், இதற்கு 3.4. மின்னல் வேகத்தில் ஆன், ஆஃப் ஆகும். அந்த வேகமே வினையாகி, போர்டில் செம்புத் தடம் கொஞ்சம் நீண்டாலும் அதன் இண்டக்டன்ஸால் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணத்தால்) ரிங்கிங், அதாவது மின்னழுத்தம் தறிகெட்டு அதிர்வது, வந்து ஸ்விட்சே புகைந்துவிடும். எங்கள் முதல் போர்டு அப்படித்தான் போனது. நேர்காணலில் ரேங்க் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. அந்தப் போர்டை எப்படி மாற்றி அமைத்தீர்கள், கேட் லூப்பை (ஸ்விட்சை இயக்கும் சிக்னலின் சுற்றுப்பாதையை) எவ்வளவு சுருக்கினீர்கள், புரோபை எங்கே வைத்து அளந்தீர்கள் என்றுதான் குடைந்தார்கள். ஆஸிலோஸ்கோப் படங்கள் கையில் இருந்ததால் பிழைத்தேன். முதுகலை முடித்து இதே ரிங்கிங்கிலும் இரைச்சலிலும் முனைவர் பட்டம் செய்ய வேண்டும் என்பது திட்டம்.

இது கைகூடாவிட்டால் என்ன செய்வது என்று இங்கே பொறியியல் மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வும் எழுதி வைத்திருக்கிறேன். ஸ்கோர் 3 வருடம் செல்லும். இங்கேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்தால் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளருக்கான) உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது ஒன்றும் குறைவான வழி இல்லை. சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

அட்மிஷன் வந்துவிட்டது. பிளாக்டு அக்கவுன்டில் (வீசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்கக்கூடிய கணக்கில்) போட வேண்டிய 11,904 யூரோவுக்கு வங்கிக் கடன் சாங்ஷன் ஆகியிருக்கிறது, வீசா ஸ்லாட்டுக்குக் காத்திருக்கிறேன். அதன் கதையைத் தனியாக எழுதுகிறேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள். ட்ரான்ஸ்கிரிப்ட் கட்டணம் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள், அது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். ஆனால் எவ்வளவு ஆனாலும் சீல் வைத்த கவர் இரண்டு கூடுதலாகவே வாங்கிவிடுங்கள்.